வலக்கைப் பக்கம் ஏரி

எங்கள் குடும்பத்தில் மலை ஏறியவர்கள் யாரும் கிடையாது. ஏற வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் பதினாறு படி, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த உயரம். அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போய், காஷ்மீரத்து மலைகளுக்குள் ஏழு ஏரிகளைக் கால்நடையாகவே பார்த்துவிட்டு வந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு அறுபத்திரண்டு. பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்லச் சொன்னால் எனக்கு வராது.

நான் ரவிக்கை தைப்பவள். வீட்டின் முன்னறைதான் கடை. முப்பது வருஷமாக ஒரே கால் மிஷின். மோட்டார் மாட்டிக்கொள்ளச் சொல்லாத வாடிக்கைக்காரி இல்லை. மோட்டார் அதன் இஷ்டத்துக்கு ஓடும், கால் நான் சொன்ன இடத்தில் நிற்கும் என்று நான் மாட்டவே இல்லை. அவர் தபால்காரராக இருந்தவர். சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீடு வீடாக நடந்து கடிதம் கொடுத்தவர். அந்த நடையைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண வீடோ காதுகுத்தோ, பேச்சை எப்படியாவது தன் காலுக்குக் கொண்டுவந்துவிடுவார். "நான் நடந்த நடைக்குப் பத்து தபா காசிக்குப் போயிட்டு வந்திருப்பேன்" என்பார். நான் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவள். எனக்கும் கால் என்று இரண்டு இருப்பது அவருக்கு ஞாபகமே இருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தார். வீட்டில் என்றால் கடையில். அளவு கொடுக்க வந்த பெண்கள் அவரைப் பார்த்ததும், "அப்புறமா வரேங்கக்கா" என்று வாசலோடு திரும்பினார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் காலையில் அவர் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன்.

"போய் அல்சூர் ஏரியைச் சுத்திட்டு வாங்க. நான் பொழைக்க வேணாமா?"

"தனியாவா? நீயும் வா. சுகர் வாசப்படியில வந்து நிக்குதுன்னு டாக்டர் உனக்குத்தானே சொன்னாரு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் கிளம்பினேன்.

முதல் நாளே சண்டை. சோமேஸ்வரர் கோயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏரிக்கரைக்குப் போனோம். நிழல் இருக்கிறது என்று அவர் வலப்பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அப்படிப் போனால் ஏரி இடக்கைப் பக்கம் வரும். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போறீங்க? இடமா சுத்துவாங்களா யாராவது?"

"இது கோயிலா? ஏரிம்மா. எல்லாரும் அப்படித்தான் போறாங்க, பாரு."

"எல்லாரும் எப்படியோ போகட்டும். சாமியை வலம் வந்த காலு, அஞ்சு நிமிஷத்துல தண்ணியை இடம் வரணுமா? நான் வரல."

எனக்கு அதில் சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. எங்கள் அம்மா குளமோ கோயிலோ கிணறோ, எதைச் சுற்றினாலும் வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவாள். அது என் காலோடு ஊறிப்போனது. அவர் முணுமுணுத்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினார். அன்றிலிருந்து இரண்டு வருஷம், மழையோ பனியோ, ஏரி எங்கள் வலக்கைப் பக்கம்தான். மற்ற எல்லோரும் எதிர்ப்பக்கமாக வருவார்கள். அதனால் அத்தனை பேர் முகமும் எங்களுக்குத் தெரிந்துபோனது. சிலர் "நமஸ்காரா" என்பார்கள், சிலர் "ஆய்த்தா, எஷ்டு ரவுண்டு?" என்று கன்னடத்தில் சுற்றுக் கணக்குக் கேட்டுவிட்டுப் போவார்கள். சில நாள் ஏரி நாறும். நாறாத நாட்களில் சீக்கியர் குருத்வாராவின் வெள்ளைக் கும்மட்டமும் பெரிய பெரிய கட்டடங்களும் தண்ணீரில் தலைகீழாக ஆடிக்கொண்டிருக்கும். ஆகாயத்தாமரை படர்ந்த இடத்தில் மட்டும் அறுந்து போயிருக்கும்.

அப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள், பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண் தன் போனில் ஒரு படம் காட்டினாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். லீவில் காஷ்மீருக்கு மலை ஏறப் போயிருந்தாளாம். படத்தில் பனி மலை, அதற்குக் கீழே ஏரி, ஏரிக்குள் அதே மலை. "ஆன்ட்டி, எது மேல எது கீழன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று போனைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்குத் தெரியவில்லை. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகவே இருந்தது. துணியில் எது நல்ல பக்கம், எது உள்பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்கிறவள் நான். எத்தனையோ கடைக்காரர்களிடம் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். ஒரு போன் படத்திடம் தோற்றது எனக்கு ரோஷமாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன், அந்த ஏரியை நேரில் பார்க்க வேண்டும் என்று.

அவர் சிரித்தார். "நான் போயிடுவேன். ஆனா நீ?" என்றார்.

அந்த "நீ"யில் அவர் கெட்ட எண்ணம் எதையும் வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஆறு மாசம் தயாரானோம். அவர் முன்பு கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த பதினெட்டு மாடிக் கட்டடத்தில் காவலாளி பழக்கம். காலையில் அங்கே மாடிப்படி ஏறி இறங்க விட்டார். முதுகுப் பையில் பாரத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்து, என் பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன். படியில் எதிரே வந்த ஒரு அம்மாள், "அயர்னிங்கா? எங்க வீட்டுல கொஞ்சம் இருக்குது" என்றாள். அவர் பதில் சொல்ல முடியாமல் சிரித்துச் சிரித்து ஏழாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். மலைக்குக் கூட்டிப் போகிறவர்கள், ஐந்து கிலோமீட்டரை இவ்வளவு நேரத்துக்குள் ஓட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் நான் முதல்முறையாகச் சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டேன். மழைக்கு இரண்டு பைகளுக்கும் உறை நானே தைத்தேன். உள்ளே பிளாஸ்டிக், வெளியே லைனிங்கில் மிச்சம் விழுந்த கிளிப்பச்சை சாட்டின். "இதைப் போட்டுக்கினு போனா கிளி ஜோசியக்காரன்னு நெனைப்பாங்க" என்றார். வேறு துணி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மகள் வந்து விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுத்தாள். கல்யாணமாகி ஒயிட்ஃபீல்டில் இருக்கிறாள். நல்ல பெண். எல்லாம் முடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, முடியலன்னா பாதியில திரும்பிடு. இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. அப்பா போயிட்டு வரட்டும்."

அப்பா போயிட்டு வரட்டும். இந்த மூன்று வார்த்தையையும் நான் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

எங்கள் கூட்டத்தில் பதினெட்டுப் பேர். எங்களைத் தவிர எல்லோரும் எங்கள் மகள் வயதுப் பிள்ளைகள். கூட்டிக்கொண்டு போனவர் மலைக்காரர், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். அவர் பேசுவது இந்தி. எங்களுக்குத் தெரிந்தது சிவாஜி நகர் துணிக்கடைகளில் பேரம் பேசிப் பேசி வந்த தக்னி உருது. அதை வைத்துச் சமாளித்தோம். ஏரிகளின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் நானே புடவை நிறத்தில் பெயர் வைத்தேன். முதல் ஏரி ராமர் பச்சை. அடுத்தது ஆனந்தா நீலம். பிள்ளைகளும் அந்தப் பெயர்களையே சொல்ல ஆரம்பித்தார்கள். வடக்கத்திப் பெண் ஒருத்தி "ராமர் பச்சை" என்று சொன்னதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் அத்தோடு சரி. இரண்டு நாளும் கூடாரத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவள் நான்தான். எனக்கு மூச்சு முட்டவில்லை, தலை வலிக்கவில்லை. வேகம் மட்டும் வரவில்லை. அவர் விறுவிறுவென்று முன்னால் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார். ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வாங்க வாசலில் நிற்கும்போது ஒரு முகம் வைத்திருப்பாரே, அந்த முகம். நான் போய்ச் சேர்ந்ததும் எழுந்து மறுபடி நடப்பார். எனக்கு உட்கார நேரமே கிடைக்காது.

இரண்டாம் நாள் மாலை மலைக்காரர் என்னிடம் வந்து பக்கத்தில் குந்தினார். மரியாதையாகத்தான் பேசினார். மறுநாள் ஒரு பெரிய ஏரி. அதன் அடுத்த முனையில் கூடாரம். அதற்கு மறுநாள் இந்தப் பயணத்திலேயே உயரமான கணவாயைத் தாண்ட வேண்டும். "நாளைக்கு ஒரு மணிக்குள் கூடாரத்துக்கு வந்துவிட்டால் கணவாய்க்குக் கூட்டிப் போவேன். ஒரு மணி தாண்டினால், ஆன்ட்டி, குதிரைக்காரர்களோடு உங்களைக் கீழே அனுப்ப வேண்டியிருக்கும்" என்றார். நான் தேடி வந்த படத்து ஏரி அந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது.

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மகள் சொன்னது காதில் ஒலித்தது.

மூன்றாம் நாள் காலை சரியான மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கிளம்பும்போதே மலைக்காரர் எல்லோருக்கும் சொன்னார், கரையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பி, ஏரியை இடக்கைப் பக்கம் வைத்து நடக்க வேண்டும் என்று. எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் கேட்டது. வழக்கம்போல் நான் கடைசி. அன்று அவர் முன்னால் ஓடாமல் என்னோடேயே நடந்தார். எங்களுக்குப் பின்னால் வரவேண்டிய உதவி வழிகாட்டி, வாந்தி எடுத்த ஒரு பெண்ணோடு கொஞ்சம் நின்றுவிட்டார். பாதை ஒன்றுதான், ஐந்து நிமிஷத்தில் கரை வரும், எல்லோரும் அங்கே இருப்பார்கள் என்று எங்களை அனுப்பினார். நாங்கள் கரைக்குப் போனபோது குளிர் தாங்காமல் கூட்டம் நகர்ந்துவிட்டிருந்தது.

தண்ணீர் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் இடப்பக்கம் திரும்பினோம்.

ஒரு பேச்சு இல்லை, ஒரு யோசனை இல்லை. இரண்டு வருஷமாக அல்சூரில் திரும்பிய கால்கள், தண்ணீரைப் பார்த்ததும் தானாகத் திரும்பின. ஏரி வலக்கைப் பக்கம் வந்ததும் எனக்கு மனசு நிம்மதியாகக்கூட இருந்தது. காலில் ஒரு வேகம் வந்தது. ஆடுகள் போன தடம் ஒன்று அந்தக் கரையிலும் இருந்ததால் பாதையில்தான் போகிறோம் என்றே நினைத்தோம். "இன்னிக்கு நல்லா நடக்கிறியே" என்று அவர் பாராட்டினார். முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். அப்போதுதான் அவர் நின்றார்.

"ஆமா, ஏரி எந்தக் கைப் பக்கம்னாரு?"

நான் என் வலக்கையைப் பார்த்தேன். தண்ணீர் அந்தப் பக்கம் இருந்தது.

திரும்பிப் போயிருக்க வேண்டும். இப்போது நன்றாகத் தெரிகிறது. மலையில் வழி சந்தேகமாக இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். ஆனால் எனக்கு அப்போது ஒரு மணி என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. "திரும்பிப் போய்ச் சுத்தினா சாயங்காலம் ஆயிடும். ஏரிதானே, இந்தப் பக்கமா சுத்தினாலும் அந்த முனைக்குத்தானே போகும்" என்றேன். அல்சூர் ஏரி அப்படித்தான் போகும். அவரும் சரி என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஏரி அது ஒன்றுதான்.

கொஞ்ச தூரத்தில் ஆட்டுத் தடம் தீர்ந்தது. அதற்கு மேல் கல். மலை எப்போதோ சரிந்து ஏரிக்குள் இறங்கியிருந்தது. ஆட்டோ அளவுக் கற்கள், பீரோ அளவுக் கற்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் இருந்த இடுக்குகளில் தண்ணீர் நின்றது. மணி பதினொன்றே கால். அவர் முன்னால் ஏறினார். பின்னால் நான். நாலைந்து கல் தாண்டியிருப்போம், மூடுபனி ஏரியின்மேலும் எதிர்க்கரையிலும் சட்டென்று விலகியது.

தண்ணீரில் ஓர் அசைவு கிடையாது. எதிர்ப்பக்கத்து மலை முழுசும் உச்சியோடு உள்ளே இறங்கி நின்றது. அதற்கும் கீழே வானம். மேகம்கூட உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற கல்லுக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று பார்த்தால், முடிவே இல்லாமல் போயிற்று. எனக்கு அழகாக இருந்தது. இதைத்தானே பார்க்க வந்தேன். வாயைத் திறந்து சொல்லப் போகும்போதுதான் அவரைப் பார்த்தேன். கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"கீழ வானம் தெரியுது."

"அது தண்ணிங்க. முட்டிக்கால் ஆழம்கூட இருக்காது."

"தெரியும். தெரிஞ்சாலும் கால் வரமாட்டேங்குது. உள்ள விழுந்துடுவேன் போல இருக்குது. நீ போ. நீ போய் யாரையாவது கூட்டினு வா."

கல்லை இன்னும் இறுக்கிக்கொண்டார். மழையில், நாய்க்கடியில், என் மாமனார் செத்த தந்தியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த நாளில்கூட அவர் கால் நின்று நான் பார்த்ததில்லை. அப்புறம் அழுதார். சத்தமில்லாமல், கோபத்தோடு, தன் காலையே பார்த்துக்கொண்டு அழுதார். முப்பத்தைந்து வருஷம் பெருமை பேசிய கால்.

எனக்குப் பரிதாபம் வந்தது. பரிதாபப்பட்டால் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம் என்று தெரிந்ததால் அதட்டினேன். "நீ போன்னா நான் எங்க போறது? நான் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன். எழுந்திருங்க. தண்ணியைப் பாக்காதீங்க. என் பையைப் பாருங்க. கிளிப்பச்சை. உங்களுக்குத்தான் அது பிடிக்காதே, நல்லா மொறைச்சுப் பாத்துக்கிட்டே வாங்க."

நான் முன்னால் போனேன். அங்கேதான் என் கால் எனக்கே தெரிந்தது. ஒரு கல்லில் முன்பாதத்தை வைப்பேன். மெதுவாக அழுத்துவேன். பிறகு குதிகால். மறுபடி முன்பாதம். மிஷின் பலகையை மிதிப்பதுபோல ஓர் ஆட்டு ஆட்டினால் கல் சொல்லிவிடும், நிற்குமா நிற்காதா என்று. முப்பது வருஷமாக மிதித்து மிதித்து, ஒரு தையல் கூடுதலாகப் போகாமல் நிறுத்திய கால் அது. ஆடுகிற கல்லை விட்டுவிடுவேன். ஆடாத கல்லில் ஏறி நின்று, "இது" என்பேன். அவர் நான்கு காலில் தவழ்ந்து வருவார். நான் பையைத் திருப்பிக் காட்டிக்கொண்டு அடுத்ததை மிதிப்பேன். "இது." மேலே இருந்த கற்கள் பார்க்கப் பெரிசாக இருந்தாலும் ஆடின. தண்ணீர் ஓரத்துக் கற்கள் அமுங்கி உட்கார்ந்திருந்தன. அதனால் தண்ணீரை ஒட்டியே போனோம். அவருக்கு அது நரகமாக இருந்திருக்கும். இருந்தும் என் பச்சைப் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை கொடுத்தேன், முழங்காலைக் கொடுத்தேன், ஓர் இடத்தில் தோளில் ஏறச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஒரு கல்கூட என்னை ஏமாற்றவில்லை.

கடைசிக் கற்களைத் தாண்டும்போது எதிரே மலைக்காரர் இரண்டு ஆட்களோடு ஓடி வந்துகொண்டிருந்தார். கரை முழுக்க எங்களைத் தேடியிருக்கிறார்கள். சரிவில் இன்னும் பனி தொங்கிக்கொண்டிருந்ததால் கற்களுக்கு நடுவே நாங்கள் கண்ணில் படவில்லை. ஏரிக்குள்தான் முதலில் தெரிந்தோமாம். தண்ணீரில் தலைகீழாக இரண்டு கிளிப்பச்சைப் புள்ளிகள் மெதுமெதுவாக நகர்ந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். அவர் வந்து எங்கள் கைகளைப் பிடித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார். கூடாரத்துக்குப் போனபோது மணி இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

டீ கொடுத்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மலைக்காரர் நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார், திரும்பி வராமல் கல்லில் இறங்கியது பெரிய தப்பு என்று. எந்தக் கை என்று சொல்லியும் ஏன் மாறிப் போனீர்கள் என்று கேட்டார். தண்ணீரை நாங்கள் வலமாகத்தான் சுற்றுவோம், காலில் பழகிவிட்டது என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நேரமும் தாண்டிவிட்டது, ஆன்ட்டி நாளைக்குக் குதிரைகளோடு கீழே போகட்டும், அங்கிள் விரும்பினால் கணவாய்க்கு வரலாம் என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். விதி விதிதான். வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், எங்கள் ஊர் தக்னியில் சொன்னார்.

"சார், நீச்சே பேஜ்னா தோ மேரேகு பேஜோ. மை பத்தர் பே பைட்கே ரோ தியா. இனோச் மேரேகு லேகே ஆயே."

கீழே அனுப்புவதானால் என்னை அனுப்புங்கள். கல்லில் உட்கார்ந்து அழுதவன் நான். இவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அத்தோடு விடவில்லை. எங்கே உட்கார்ந்தார், எப்படித் தவழ்ந்தார், எந்த இடத்தில் என் தோளில் ஏறினார், எல்லாவற்றையும் சொன்னார். காலைத் தவிர வேறு பெருமை இல்லாத மனிதர். தலைவலித்தது என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

மலைக்காரர் என் பக்கம் திரும்பினார். நடுவில் ஒரு வெள்ளைப் பாறை இருக்கிறதே, அதற்கு மேலே போனீர்களா, கீழேயா என்று கேட்டார். கீழே என்றேன். ஏன் என்றார். மேலே இருந்ததெல்லாம் ஆடியது என்றேன். எப்படித் தெரியும் என்றார். எழுந்து நின்று புல்லில் கால் வைத்துக் காட்டினேன். முன்பாதம், குதிகால், முன்பாதம். அவருக்குப் புரியவில்லை. உடனே என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் துணியைத் தள்ளுவதுபோலவும் காலால் மிதிப்பதுபோலவும் நடித்து, வாயால் கடகடவென்று மிஷின் சத்தம் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலைக்காரரும் முதல்முறையாகச் சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார், "நாளைக்கு இரண்டு பேரும் வாருங்கள். ஆன்ட்டி எனக்குப் பின்னால் முதல் ஆள். அவங்க வேகம்தான் எல்லோருக்கும் வேகம்." மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது மலையில் வழக்கம்தான் என்று பிறகு ஒரு பெண் என்னிடம் சொன்னாள். சொன்னால் சொல்லட்டும். பதினேழு பேர் என் கிளிப்பச்சைப் பையைப் பார்த்துக்கொண்டே கணவாய் ஏறினார்கள். அதில் முதலாவதாக ஏறினவர் என் வீட்டுக்காரர்.

கணவாயிலிருந்து இறங்கி அந்தப் பக்கம் போனால், படத்து ஏரி. படத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. மேலே மலை, கீழே மலை. நான் மயில் கழுத்து என்று பெயர் வைத்தேன். அவர் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். நான் கரையில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலை நீட்டிக் கீழே இருந்த மலையைத் தொட்டேன். விரல் நனைந்தது.

"இதுதாங்க உள்பக்கம்" என்று அவரிடம் சொன்னேன். போன் படத்திடம் தோற்ற பந்தயத்தை அங்கே ஜெயித்தேன்.

ஊருக்கு வந்த மறுநாளே ஏரிக்குப் போனோம். பழைய வழக்கம்தான், ஏரி வலக்கைப் பக்கம். எதிரே வந்தவர்கள் எல்லோரும் எங்களை நிறுத்தினார்கள். "காஷ்மீர் ஹேகித்து?" எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டார். இவர் ஆரம்பித்தார். தன் நடையைப் பற்றி இல்லை. மூடுபனியில் ஆரம்பித்து, கல்லுக்கு வந்து, "நான் உட்கார்ந்து அழுதுட்டேன் சார், இவதான்" என்று என்னைக் காட்டினார். அடுத்த சுற்றில் இன்னொருவரிடம் சொன்னார். மகள் வந்தபோது அவளிடமும் அதையே சொன்னார். அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இஸ்திரி போட்டேன். கல்யாண வீடுகளில் காசியைக் காணோம். இப்போதெல்லாம் அந்தக் கல்தான். சொல்லச் சொல்லக் கற்கள் பெரிசாகிக்கொண்டு போகின்றன. போன வாரம் ஒரு கல் பஸ் அளவுக்கு வந்துவிட்டது.

நான் திருத்துவதில்லை. தினமும் யாராவது புதுசாகக் கேட்கத்தான் செய்கிறார்கள். "இவதான்" என்று அவர் கை என் பக்கம் நீளப் போகிற இடம் எனக்கு இப்போது அத்துப்படி. அந்த இடம் வருவதற்கு ஒரு வாக்கியம் முன்பே நான் ஏரிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எதிரே நிற்கிறவர்கள் என் கண்ணைப் பார்க்க வேண்டாம். தண்ணீர் பார்த்துக்கொள்ளட்டும்.